ஒதுங்க வேண்டிய வீட்டார்

குத்துப்பட்டவனின் வயிற்றை ரைலி இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். விரல் இடுக்குகளில் இரத்தம் பொங்கிப் பொங்கி வந்தது. குதிரைப் பந்தயத் திடலில், லாயத்துக்குப் பின்னால், ஈர வைக்கோலின் மேல் மல்லாந்து கிடந்தான் தென்ஹோ. இன்னும் கல்யாணம் ஆகாத பையன். அரை மணி நேரத்துக்கு முன்புதான் தன் குதிரை ஜெயித்த சந்தோஷத்தில் எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தவன்.

"அக்கா, குளுருது."

"பேசாத ராஜா. ஆம்புலன்ஸ் வந்துட்டே இருக்கு. என்னையே பாரு. கண்ணை மூடாத."

திடலின் வாசல் பக்கம் கூச்சல் கேட்டது. ரைலியின் கணவன் எய்னோ ஓடிவந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தான்.

"கையை எடு! அவங்க வீட்டு ஆளுங்க வர்றாங்க. எடுடி கையை!"

"எடுத்தா செத்துருவான்!"

"குத்தினது என் தம்பி! நீ அவனைத் தொடக் கூடாது. புரியுதா? இனிமே தொடக் கூடாது!"

ரைலி கையை எடுத்தாள்.

அடைபட்டிருந்த இரத்தம் அவள் வெல்வெட் பாவாடையின் மேல் பீறிட்டது. தென்ஹோவின் கண்கள் அவள் கைகளைத் தேடி வந்தன. எய்னோ அவளைத் தரதரவென்று இழுத்துப் போய்க் காரில் தள்ளினான். கார் திடலைத் தாண்டும்போது பின்னால் ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. தென்ஹோவின் தாய் ஹுல்டாவின் அலறல் அது. பதினான்கு வருஷம் கழித்தும் தூக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்துகொள்வேன் என்று ரைலி என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

ஒரு குதிரையைப் பற்றிய பேச்சு. மருந்து கொடுத்து ஓடவிட்டாய் என்று எய்னோவின் தம்பி வெய்க்கோ சொன்னான், பொய் சொல்லாதே என்று தென்ஹோ அவன் கன்னத்தில் அறைந்தான். அவ்வளவுதான். வெய்க்கோ ஜெயிலுக்குப் போனான், தண்டனை முடிந்ததும் சுவீடனுக்குக் கப்பலேறிவிட்டான். ஆனால் ஃபின்லாந்தில் ஜிப்சிகள் என்று ஏசப்படும் எங்கள் ரோமா ஜனத்தில் ஜெயிலோடு எதுவும் தீராது. கொலை செய்தவன் வீட்டார் மொத்தப் பேரும், கொலையுண்டவன் வீட்டார் கண்ணில் படாமல் ஒதுங்க வேண்டும். அவர்கள் கடைக்குள் வந்தால் இவர்கள் சாமானைப் போட்டுவிட்டு வெளியேற வேண்டும். அவர்கள் ஓர் ஊருக்குக் குடிவந்தால் இவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஒதுங்குகிறவரை கத்தி உறையில் இருக்கும். நேருக்கு நேர் நின்றுவிட்டாலோ, இழந்தவர்கள் கத்தியை எடுத்தே தீர வேண்டும். எடுக்காவிட்டால் செத்தவனுக்கு அவமானம்.

நான் செல்மா. ரைலியின் பக்கத்துக் குடியிருப்பில் இருக்கிறேன். ஹுல்டாவின் வீட்டுக்கும் எனக்கும் பகை இல்லை, ரைலியின் வீட்டுக்கும் உறவு இல்லை. அதனால் இரண்டு வீட்டுக்கும் நடுவே சேதி சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. ரைலி யார் என்று நான்தான் சொல்ல வேண்டும். அவளுக்காகச் சொல்ல வேறு ஆள் இல்லை.

சின்ன வயதிலேயே, ரோமாக் குழந்தை என்பதற்காக, அரசாங்க ஆட்கள் அவளைத் தாயிடமிருந்து பிடுங்கி அனாதை இல்லத்தில் போட்டார்கள். தாய் உயிரோடு, வாசலில் நின்று கதறிக்கொண்டிருந்தபோதே, அவள் அனாதை ஆக்கப்பட்டாள். எங்கள் பாஷையில் ஒரு வார்த்தை பேசினால் வாயில் சோப்பைத் திணிப்பார்கள். ஒருநாள் வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டர் வந்து, "இதுங்க தலையில பேன் இல்லாம இருக்குமா?" என்று சொல்லி எல்லோர் எதிரிலும் அவள் தலையை மழித்தார். ரைலி அவர் கையைக் கடித்தாள். சதை பிய்ந்து வரும்வரை விடவில்லை. அதற்கு அவர்கள் கொடுத்த அடியில் இடது காது இன்றைக்கும் அவளுக்குச் சரியாகக் கேட்காது.

"அந்த டாக்டர் ரத்தம் உப்பா இருந்துச்சு செல்மா. நம்ம ரத்தம் மாதிரியேதான்" என்று சொல்லிச் சிரிப்பாள். அப்படி ஒரு சிரிப்பு.

அதற்குப் பிறகு ரைலி தனக்கென்று டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததில்லை. மகளைக்கூட வீட்டிலேயே பெற்றாள். அந்தப் பெண்ணும் வளர்ந்து, கல்யாணமாகி, சுவீடனுக்குப் போய்விட்டாள். ஊர் ஊராக ஒதுங்கி ஒதுங்கிக் கடைசியில் ரைலியும் எய்னோவும் இந்த ஏரிக்கரை நகரத்துக்கு வந்தார்கள். காரணம் எய்னோவின் சிறுநீரகங்கள். இரண்டும் செத்துப்போயிருந்தன. வாரத்தில் மூன்று நாள் இரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்தால்தான் உயிர். அந்த டயாலிசிஸ் இயந்திரங்கள் சுற்றுவட்டாரத்தில் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் மட்டும்தான் இருந்தன.

விதி எப்படி விளையாடியது பாருங்கள்! அடுத்த வருஷமே ஹுல்டாவும் இங்கே குடிவந்தாள். அவளுடைய சிறுநீரகங்களும் போய்விட்டன. அதே ஆஸ்பத்திரி, அதே அறை, அதே இயந்திரங்கள்.

ரைலி என் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். முகத்தில் இரத்தமே இல்லை.

"அந்தம்மாகிட்ட போய்க் கேளு செல்மா. அவங்க எந்த நாள் போறாங்களோ போகட்டும். மிச்ச நாள்ல நாங்க போய்க்கறோம். அவங்க வேண்டாம்னு சொன்னா போக மாட்டோம். எய்னோ சாகறதுன்னா சாகட்டும்."

நான் போய்க் கேட்டேன். ஹுல்டா தன் கறுப்பு வெல்வெட் பாவாடையின் மடிப்புகளை ஒவ்வொன்றாக நீவி முடித்தாள்.

"திங்கள், புதன், வெள்ளி எனக்கு. மத்த நாள் அவன் போகட்டும். ஊர்லயும் இருந்துக்கட்டும், எங்க கண்ணுல படாம. ஆனா இது என் மகன் கலெர்வோ காதுக்குப் போகக் கூடாது. அவன் அங்க கட்டிப்போட்ட மாடு மாதிரி நாலு மணி நேரம் கிடக்கான்னு தெரிஞ்சா இவன் சும்மா இருக்க மாட்டான். உன் வாய்ல இருந்து வந்துச்சோ, நாக்கை அறுத்துடுவேன்."

"உங்க மருமகளுக்காவது..."

"அவளுக்குத் தெரிஞ்சா அது ஊருக்கே தெரிஞ்ச மாதிரி. போ."

இப்படித்தான் ஒரு வருஷம் ஓடியது. நர்ஸுகளுக்குக்கூடத் தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை ரைலி ஏதோ சௌகரியத்துக்காக நாள் கேட்டாள், அவர்களும் கொடுத்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் கிர்சி வந்தாள். பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக்காரி. எங்கள் ஜனம் அல்லாத ஃபின்காரி, குழந்தை முகம், மழையில் நனைந்த பூனைக்குட்டி மாதிரி இருப்பாள். ரோமா மக்கள் ஏன் சீக்கிரம் சாகிறார்கள், ஏன் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை என்று ஆராயப் போகிறாளாம். மற்றவர்களைப் போல எங்களை எண்ணி அளந்துகொண்டு போக மாட்டாளாம். எங்களில் சிலரையே ஆராய்ச்சியாளர்களாகச் சேர்த்துக்கொண்டு, கேள்விகளை எங்களையே எழுத வைத்து, பதிலுக்கு என்ன அர்த்தம் என்று எங்களோடு உட்கார்ந்து யோசிக்கப் போகிறாளாம்.

"எங்களை ஆராயறதுக்கு நாங்களேவா? நல்லா இருக்கு. கோழிக்கிட்டயே குழம்பு எப்படி வெக்கறதுன்னு கேக்கற மாதிரி" என்றேன் நான்.

ரைலி சிரிக்கவில்லை. "சேர்றேன்" என்றாள். டாக்டரைக் கடித்த அந்தப் பெண், கழுத்தில் பல்கலைக்கழக அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள்.

ஃபின்காரர்கள் போனால் எங்கள் ஜனம் காப்பி கொடுத்து அனுப்பிவிடும். ரைலி போனால் வாயைத் திறந்தது. பெரியவர்கள் எதிரில் கர்ப்பம், மாதவிலக்கு என்று மூச்சு விடக் கூடாது என்பதால், மாமியாரை வேறு அறைக்கு அனுப்பத் தந்திரம் செய்வாள். "உங்க நல்வாழ்வுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?" என்று ஒரு கேள்வி இருந்தது. "புருஷன் வீட்ல இருக்கறப்பவா, இல்லாதப்பவா?" என்று ஒருத்தி திருப்பிக் கேட்க, ரைலி சிரித்த சிரிப்பில் காப்பி மூக்கில் ஏறிவிட்டதாம்.

ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் எல்லோரும் பொய் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகாததற்கு என்ன காரணம்? பஸ் இல்லை என்றார்கள். நேரமில்லை என்றார்கள். இந்த வீட்டார் இன்ன வீட்டாருக்கு ஒதுங்க வேண்டியவர்கள், அதனால்தான் போவதில்லை என்பது ரைலிக்குத் தெரியும். ஆனால் அதை ஃபின்காரர்களிடம் எப்படிச் சொல்வது? ஒரு பகையைப் பற்றி வெளியே பேசினாலே தூங்கும் பகை எழுந்து உட்காரும். அவளும் பஸ் இல்லை என்றே எழுதிக் கொடுத்தாள்.

வசந்த காலத்தில் சர்ச் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் என்னென்ன மாற வேண்டும் என்று எங்கள் ஜனமே சொல்லட்டும் என்றாள் கிர்சி. ஆஸ்பத்திரி அதிகாரி ஒருவரும் வந்திருந்தார். ரைலி மேஜை மேல் பன்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. உள்ளே வந்தவள் கலெர்வோவின் மனைவி சொயின்டு. ஹுல்டாவின் மருமகள்.

ரைலி கையிலிருந்த தட்டை அப்படியே வைத்தாள். கோட்டைக்கூட எடுக்காமல், சமையலறை வழியாகப் பின்வாசலில் இறங்கிப் போய்விட்டாள். ஒதுங்கினாள். வெளியே இன்னும் பனி உருகாத குளிர். அவள் போனதைப் பார்த்த எங்கள் ஜனம் யாரும் வாய் திறக்கவில்லை. கிர்சியோ, ரைலிக்குத் தலைவலி போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

கூட்டத்தில் சொயின்டு எழுந்து அழாக்குறையாகப் பேசினாளாம்.

"எங்க அத்தை அந்த மெஷின்ல நாலு மணி நேரம் தனியா கிடக்காங்க. சுத்தி எல்லாம் ஃபின்காரங்க. ஒரு வார்த்தை பேச ஆள் இல்ல. நர்ஸுங்க தலைக்கு மேலயே பேசிக்கறாங்க. நம்ம ஜனத்துல வேற யாராவது வர்றாங்கன்னா ஒண்ணா உக்கார வெக்கக் கூடாதா?"

எல்லோரும் கை தட்டினார்கள். அதிகாரி உடனே ஒப்புக்கொண்டார். ஒரு ஜனம் கேட்டது, ஓர் ஆஸ்பத்திரி கேட்டுக்கொண்டது. கிர்சியின் கண்கள் கலங்கிவிட்டன. பாவம், அவளுடைய ஆராய்ச்சி பலித்த முதல் நாள் அது! கடவுளே, அந்தக் கைதட்டலில் ஒரு மனிதனுடைய உயிருக்குச் சீட்டு கிழிக்கப்பட்டது என்று யாருக்குத் தெரியும்?

அடுத்த வாரம் நர்ஸ் மர்யத்தா ரைலிக்குப் போன் செய்தாள். எய்னோவின் நாட்கள் மாறிவிட்டன, இனி திங்கள், புதன், வெள்ளி.

இந்த இடத்தில் ஒரு ஃபின்காரியாக இருந்தால், ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டிருப்பாள். ரைலி கேட்கவில்லை. எங்கள் ஜனத்தில் ஒதுங்குகிறவன் காரணம் கேட்க மாட்டான். நாளைத் தேர்ந்தெடுப்பது இழந்தவர்களின் உரிமை. ஹுல்டாதான் தன் நாட்களை மாற்றிக்கொண்டிருக்கிறாள், இந்த நாட்களை நமக்கு விட்டுக்கொடுத்திருக்கிறாள் என்றே அவள் நினைத்தாள். என் மூலமாகச் சேதி வரவில்லையே என்று ஒரு நிமிஷம் யோசித்தாளாம். நான் கூட்டத்துக்கு முன்பிருந்தே என் தங்கையின் பிரசவத்துக்காகத் தம்பெரே நகரத்துக்குப் போயிருந்தேன். அந்தம்மாவுக்கு நல்ல மனசு என்று எய்னோவிடம் சொல்லிக்கொண்டே அவன் சட்டைக் கையை மடித்துவிட்டாள்.

திங்கள்கிழமை காலை. எய்னோவின் கையில் இரண்டு தடித்த ஊசிகள். ஒரு குழாயில் அவனுடைய இரத்தம் வெளியே போகிறது, இன்னொன்றில் திரும்பி வருகிறது. ரைலி பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்கு ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. மர்யத்தா சந்தோஷமாக வந்து, "இன்னைக்கு உங்களுக்குப் பேச்சுத்துணை வருது!" என்றாள்.

கதவு திறந்தது. சக்கர நாற்காலியில் ஹுல்டா. தள்ளிக்கொண்டு வந்தவன் கலெர்வோ.

இயந்திரங்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. எய்னோ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். எழுந்து போயிருக்க வேண்டும். ஆனால் அவன் இரத்தம் இயந்திரத்தின் வழியே சுற்றிக்கொண்டிருந்தது.

"எந்திரி" என்றான் கலெர்வோ.

"தம்பி, அவரால முடியாது. ஊசி போட்டிருக்கு. நாள் மாறிப்போச்சு, எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வந்திருக்க மாட்டோம். அஞ்சு நிமிஷம் வெளிய இரு, நர்ஸு கழட்டி விட்டதும்..." ரைலி தரையைப் பார்த்துக்கொண்டே கெஞ்சினாள்.

"எங்க அம்மா முன்னால உக்காந்திருக்கான். எங்க அம்மா முன்னால! எந்திரிடா!"

அப்போது எய்னோ செய்ததை எந்த டாக்டரும் நம்ப மாட்டார்கள். ஒரு கையால் ஒட்டுப் பட்டையைக் கிழித்தான். ஓர் ஊசியைப் பிடித்து இழுத்தான். பிறகு இன்னொன்றை. இயந்திரம் அலறியது. அவன் கையிலிருந்து இரத்தம் தண்ணீர்க் குழாய் உடைந்த மாதிரிச் சீறிச் சுவரில் அடித்தது, கூரையில் அடித்தது. அந்த நிலையில் அவன் எழுந்து நின்றான். ஒதுங்குவதற்காக! செத்தவனின் தாய்க்கு வழிவிட்டு ஒதுங்குவதற்காக, உயிரைக் கையிலிருந்து பிடுங்கிப் போட்டுவிட்டுக் கதவை நோக்கி நடந்தான். இரண்டு அடி வைத்தான், தன் இரத்தத்திலேயே வழுக்கி விழுந்தான்.

கலெர்வோவின் கையில் கத்தி இருந்தது. எப்போது எடுத்தான் என்று யாருக்கும் தெரியாது. இரத்தத்தைப் பார்த்தவனுக்கு வெறி ஏறியதா, தம்பியின் முகம் கண்ணில் வந்ததா? "தென்ஹோ!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தான்.

ரைலி எய்னோவின் மேல் விழுந்தாள். இரண்டு கட்டை விரல்களாலும் ஊசி ஓட்டைகளை அழுத்தினாள். கத்தி அவள் இடுப்பில் இறங்கியது. மடிப்பு மடிப்பாகத் தைத்த எங்கள் வெல்வெட் பாவாடை, இடுப்பே வளைகிற பாரம். அந்த மடிப்புகளுக்குள் கத்தி சிக்கிக்கொண்டது. நுனி மட்டும் சதையைக் கிழித்தது. அவன் உருவினான், மறுபடி ஓங்கினான். மர்யத்தா மருந்துத் தட்டை அவன் முதுகில் வீசினாள். கண்ணாடிப் புட்டிகள் நொறுங்கின.

"கையை எடுத்துட்டு விலகு ரைலி! உன்னைக் குத்த நான் வரல!"

"எடுக்க மாட்டேன்! குத்து! ஒரு தடவை எடுத்தேன், போதும். இந்தத் தடவை எடுக்க மாட்டேன்!"

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. பதினான்கு வருஷத்துக்கு முன் அலறிய அதே தொண்டை. ஆனால் இப்போது அலறவில்லை.

"கலெர்வோ. கத்தியைப் பாரு."

அவன் பார்த்தான். கத்தியில் கறுப்பு வெல்வெட் நூல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"பொம்பள பாவாடை பட்ட கத்தி அது. அதால இனி ரொட்டிகூட வெட்ட முடியாது. அதை வெச்சா உன் தம்பிக்குப் பழிவாங்கப் போற? தீட்டுப்பட்ட கத்தியாலயா என் புள்ளைக்குக் கணக்குத் தீப்ப? கீழ போடு."

எங்கள் ஜனத்தில் பாவாடை பட்ட கோப்பையைக்கூட உடைத்து எறிந்துவிடுவோம். கலெர்வோ பிடியை விட்டான். கத்தி இரத்தத்தில் விழுந்தது. அவன் சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். போலீஸ் வந்து அவனைப் பிடித்தபோது எதிர்க்கவில்லை.

எய்னோ பிழைத்தான். ஆனால் அதோடு கதை முடியவில்லை. வழக்கு நடக்கும்வரை கலெர்வோவை வெளியே விட்டார்கள். இப்போது எய்னோ எந்த அறையில், எந்த நாற்காலியில் கட்டுண்டு கிடப்பான் என்பது அவனுக்குத் தெரியும். நாட்களைப் பழையபடி மாற்றித் தருகிறோம் என்று ஆஸ்பத்திரி சொன்னது. எய்னோ அசையவில்லை.

"நான் போனா அவன் வருவான். வந்தா குத்துவான். குத்தினா அந்தம்மாவோட ரெண்டாவது புள்ளையும் ஜெயிலுக்குப் போவான். வீட்லயே செத்துட்டா யாருக்கும் தொந்தரவு இல்ல."

"எனக்கு?" என்று ரைலி கேட்டாள்.

இரண்டு நாளில் கால்கள் வீங்கின. முகம் வீங்கியது. மூச்சு நீருக்குள்ளிருந்து வருவது போலக் கொப்பளித்தது. அந்த நேரம் பார்த்துக் கிர்சி வந்து கதவைத் தட்டினாள். ரைலி கதவைத் திறந்தாள், அவளைப் பார்த்தாள், ஓங்கி ஓர் அறை விட்டாள். கிர்சியின் கண்ணாடி தெறித்து மாடிப்படியில் உருண்டது. நான் குறுக்கே விழுந்து தடுத்தேன்.

"கூட்டத்துல ஏன் ரைலி ஒண்ணும் சொல்லாம போயிட்டீங்க? என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றாள் கிர்சி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

"நான் ஏன் போனேன்னு நீ ஏன் கேக்கல? கோட்டு போடாம போனேனே! பனியில யாருடி கோட்டு இல்லாம போவாங்க?"

இரண்டு பேரும் அழுதார்கள். அப்புறம் ரைலி கீழே இறங்கிப் போய்க் கண்ணாடியை எடுத்து வந்து, துடைத்து, அவளுக்கு மாட்டிவிட்டாள். காப்பி போட்டாள். அந்த மேஜையில்தான் முதல் தடவையாக ஒதுங்குதலைப் பற்றி வெளியாள் ஒருத்தியிடம் வாய் திறந்தாள். கிர்சி பேனாவை எடுக்கவில்லை, காது கொடுத்துக் கேட்டாள். ஆஸ்பத்திரியில் இரண்டாவது வாசல் ஒன்று இருக்கிறதா, சலவைத் துணி மூட்டைகள் போகும் வழி இருக்கிறதா என்று மட்டும் கடைசியில் விசாரித்தாள்.

"வாசல் இருந்து என்ன? அவன் அறைக்குள்ள வருவானே" என்றாள் ரைலி.

நான் எழுந்தேன். யாரும் என்னை அனுப்பவில்லை. நேராக ஹுல்டாவிடம் போனேன். உள்ளதைச் சொன்னேன். அந்த ஆள் உங்கள் மகனைக் காப்பாற்றுவதற்காகச் செத்துக்கொண்டிருக்கிறான் என்றேன். ஹுல்டா ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.

"அன்னைக்கு லாயத்துல என் புள்ளை வயித்தைப் பிடிச்சிட்டிருந்தது அவதானே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்குத் தெரியுமா?"

"நான் வர்றப்ப அவன் வயித்துல ரெண்டு கை அச்சு இருந்துச்சு. சின்னக் கை. பொம்பளக் கை." அவள் ஜன்னலிலிருந்து திரும்பினாள். "இத்தனை வருஷம் அந்தக் கையைச் சபிச்சுட்டிருந்தேன். ஏன் எடுத்தாளோன்னு. அன்னைக்கு அந்த ரூம்ல பாத்தேன். எடுக்கல அவ. கத்தி இறங்கியும் எடுக்கல."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு அவனை வரச் சொல்லு. பின்வாசல் வழியா. என் கண்ணுல படக் கூடாது" என்றாள்.

"மன்னிச்சுட்டீங்கன்னு சொல்லட்டுமா?"

"போய் அப்படி ஒரு பொய்யைச் சொல்லி வெக்காத! மன்னிக்கல. எனக்கு மிஞ்சினது ஒரே ஒரு புள்ளை."

மறுநாள் காலை, டயாலிசிஸ் அறையின் முன்வாசலில், நடையின் நடுவே ஒரு நாற்காலியைப் போடச் சொன்னாள் ஹுல்டா. அது அவளுடைய முறை நாள் அல்ல. உடம்பெல்லாம் களைப்பு. உட்கார்ந்து, தன் கறுப்பு வெல்வெட் பாவாடையை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை விரித்தாள். நான் பக்கத்தில் நின்றேன். உள்ளே, துணி மூட்டைகள் போகும் வழியாக எய்னோவைக் கொண்டுவந்து ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மணி நேரம் கழித்துக் கலெர்வோ வந்தான். புதுக் கத்தி வாங்கியிருந்தான் என்பது அவன் கோட்டுப் பையில் கை இருந்த விதத்திலேயே தெரிந்தது.

"தள்ளுங்கம்மா."

"தாண்டிப் போ."

"அம்மா, உங்க காலைப் பிடிக்கறேன். தள்ளுங்க. உள்ள இருக்கான் அவன்."

"ஆமா, இருக்கான். நான் தள்ள மாட்டேன். பெத்தவ பாவாடையைத் தாண்டிப் போற ஆம்பளையா நீ? தாண்டு, பாக்கலாம்."

அவன் அந்த வெல்வெட்டின் ஓரத்தில் நின்றான். பூட்ஸ் நுனிக்கும் துணிக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. திடீரென்று திரும்பி ஜன்னல் கண்ணாடியில் முஷ்டியால் குத்தினான். கண்ணாடி சிதறிக் கை கிழிந்து இரத்தம் கொட்டியது. மறுபடி குத்தினான். வெற்றுச் சட்டத்தைக் குத்தினான். எலும்பு உடையும் சத்தம் எனக்குக் கேட்டது. ஹுல்டா ஓர் அங்குலம் அசையவில்லை. கண்ணீர் மட்டும் தாடை வழியே இறங்கி வெல்வெட்டில் விழுந்தது. அவன் வந்த வழியே போய்விட்டான். நடை முழுக்க அவன் சொட்டிய இரத்தம்.

அன்றிலிருந்து எய்னோவின் முறை நாளெல்லாம் ஹுல்டா அங்கே வந்து உட்கார்ந்தாள். தன் நாள் மூன்று, காவல் நாள் மூன்று. கலெர்வோ இன்னும் சில தடவை நடையின் மூலைவரை வந்தான். பாவாடையைப் பார்த்தான். போனான்.

ரைலி அவள் முன்னால் வர முடியாது, நன்றி என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு முறையும் ஹுல்டா வருவதற்கு முன்பே வந்து, உடைந்து புதிதாகப் போட்ட அந்த ஜன்னலின் விளிம்பில் ஒரு ஃபிளாஸ்க் காப்பியும், காகிதம் பிரிக்காத புதுக் கோப்பை ஒன்றும் வைத்துவிட்டுப் பின்வாசலுக்கு ஓடிவிடுவாள். சிறுநீரக நோயாளி ஆயிற்றே என்று அரைக் கோப்பை அளவுக்குத்தான் ஊற்றியிருப்பாள். ஹுல்டா அதைத் தொட மாட்டாள். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். கோடை முழுக்க, இலையுதிர்காலம் முழுக்க, ஆறிய காப்பியை நான்தான் கழுவுத் தொட்டியில் கொட்டினேன்.

அதற்கிடையில் ரைலி மறுபடி வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள். இடுப்புத் தழும்பு குளிருக்கு இழுத்துப் பிடிக்கும், ஒரு பக்கம் சாய்ந்துதான் நடப்பாள். பஸ் இருக்கிறதா என்ற கேள்வியை எடுத்துவிட்டார்கள். அதன் இடத்தில் அவளும் கிர்சியும் சேர்ந்து வேறொரு கேள்வி வைத்தார்கள். யாரைப் பார்த்துவிடுவோம் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கிறீர்கள்? பேர் சொல்ல வேண்டாம், எந்த நாள் வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். எங்கள் ஜனம் முதலில் அவளை முறைத்தது. ஒரு வீட்டில் அவள் மேல் கொதிக்கும் காப்பியை ஊற்றி, காட்டிக்கொடுப்பவள் என்று கத்தினார்கள். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.

முதல் பனி விழுந்த சனிக்கிழமை. எய்னோவுக்கு இரவெல்லாம் காய்ச்சல். ரைலியால் நேரத்தோடு வர முடியவில்லை. ஹுல்டா வழக்கம் போலப் பாவாடையை விரித்து உட்கார்ந்தாள். நடையின் மூலையைப் பார்த்தாள். யாரும் இல்லை. கைகளைத் தேய்த்துக்கொண்டாள். தலையைத் திருப்பாமலே, கோபத்தோடு என்னைக் கேட்டாள்.

"என்ன, இன்னைக்குக் காப்பி வெக்கலையா அவ?"